கோப்பு சர்வர் பேட்ச் ஒன்றை முதன்முறை ரிவ்யூ செய்கிறவர்களுக்கு: படிப்படியாக ஒரு வழிகாட்டி

நெட்வொர்க் கோப்பு சர்வர் ஒன்றுக்கு வந்த நாற்பது வரி பேட்ச்தான் நான் ரிவ்யூ செய்த முதல் பேட்ச். வரிவரியாகப் படித்தேன். நிபந்தனைகள் சரி, மாறிகளின் வகைகள் சரி, பெயர்கள் கூட அழகாக இருந்தன. ஒப்புதல் கொடுத்தேன். மூன்று வாரம் கழித்து, நாள்கணக்கில் ஓடிக்கொண்டிருந்த சர்வர்கள் புதிய கோப்பு எதையும் திறக்க முடியாமல் நின்றன. அனுமதி இல்லாத கோப்பை யாராவது திறக்க முயன்ற ஒவ்வொரு தடவையும் ஒரு டிஸ்கிரிப்டர் (திறந்த கோப்புக்குக் கர்னல் தரும் எண்) மூடப்படாமல் தங்கியிருக்கிறது. அந்தப் பிழைவழி நான் படித்த நாற்பது வரியில் இல்லை. அதற்குக் கீழே, யாரும் மாற்றாத வரிகளில் இருந்தது. டிஃப் அதைக் காட்டவே இல்லை.

சி மொழியும் கிட்டும் ஓரளவு தெரிந்து, இந்த வகை சர்வரின் கோடை இதுவரை ரிவ்யூ செய்யாதவர்களுக்காக இதை எழுதுகிறேன். உதாரணங்களை லினக்ஸ் கர்னலின் என்எஃப்எஸ் சர்வரிலிருந்தும் சாம்பாவிலிருந்தும் எடுத்திருக்கிறேன். என்எஃப்எஸ், எஸ்எம்பி இரண்டும் கோப்புகளை நெட்வொர்க் வழியே பகிரும் நெறிமுறைகள், சாம்பா எஸ்எம்பி பேசும் சர்வர். வேறு சர்வராக இருந்தாலும் வேலை ஏறக்குறைய இதேதான். படிக்கும்போது ஒரு கேள்வியை மட்டும் விடாமல் பிடித்துக்கொள்ளுங்கள்: இந்த வரி ஓடிய நேரத்தில் சர்வர் க்ளையன்டிடம் என்ன சொல்லியிருக்கிறது, அது இன்னும் உண்மைதானா? கீழே வரும் எல்லாப் படிகளும் இதைக் கேட்பதற்கான வெவ்வேறு வழிகள்தான்.

1. முதலில் ஆவணங்களைச் சேருங்கள்

பேட்சைத் திறக்கும் முன் நான்கு ஆவணங்கள் கையில் இருக்க வேண்டும்: கமிட் செய்தி, அது குறிப்பிடும் பிழை அறிக்கை, நெறிமுறை ஆவணம், பேட்ச் தொடும் சிஸ்டம் கால்களின் கையேட்டுப் பக்கங்கள். எல்லாமே இலவசம். செலவாவது நேரம்தான், அதையும் குறைக்க முடியும்.

என்எஃப்எஸ் நெறிமுறை ஆர்எஃப்சி எனப்படும் எண்ணிட்ட இணைய ஆவணங்களில் இருக்கிறது. மூன்றாம் பதிப்புக்கு ஆர்எஃப்சி 1813. நான்காம் பதிப்பில் 4.0-க்கு ஆர்எஃப்சி 7530, 4.1-க்கு ஆர்எஃப்சி 8881, 4.2-க்கு ஆர்எஃப்சி 7862. எஸ்எம்பி என்றால் மைக்ரோசாஃப்ட் வெளியிடும் எம்எஸ்-எஸ்எம்பி2. ஆர்எஃப்சி 8881 மட்டுமே 600 பக்கத்துக்கு மேல் வரும். முழுவதையும் படிக்க உட்காராதீர்கள். பேட்ச் எந்த ஆபரேஷனைத் தொடுகிறதோ அந்தப் பகுதி போதும். ஆர்எஃப்சி 1813-இல் ஒவ்வொரு ஆபரேஷனுக்கும் விளக்கம், செயல்படுத்தும் முறை, பிழைகள் என்று தனித்தனிப் பகுதிகள் உண்டு. பிழைகளின் பட்டியலை அவசியம் பாருங்கள். அதில் இல்லாத பிழை எண்ணை சர்வர் அனுப்பினால் சில க்ளையன்ட்கள் அதைப் பொதுவான உள்ளீட்டுப் பிழையாக எடுத்துக்கொள்ளும், பயனருக்கு உண்மையான காரணம் தெரியாமலே போய்விடும்.

இங்கே ஒரு பொறி இருக்கிறது. கோடில் உள்ள பழைய குறிப்புகள் ஆர்எஃப்சி 3530, 5661 என்று சொல்லும். இவற்றின் இடத்தில் முறையே 7530, 8881 வந்துவிட்டன. பழையதைப் படித்துவிட்டு ‘ஆவணத்தில் இப்படி இல்லையே’ என்று வாதாடினால் இரண்டு பக்கத்துக்கும் ஒரு நாள் போய்விடும்.

கமிட் செய்தியில் மூன்று விஷயம் தேடுங்கள்: என்ன உடைந்தது, அது எப்படித் தெரிந்தது, ஏன் இந்த இடத்தில் திருத்த வேண்டும். கர்னல் பேட்ச்களில் எந்தப் பழைய கமிட் தவறைக் கொண்டுவந்தது என்று ‘ஃபிக்சஸ்’ வரி சொல்லும், அந்தக் கமிட்டின் அடையாளத்தில் குறைந்தது முதல் 12 எழுத்துகளோடு. அந்தப் பழைய கமிட்டைத் திறந்து படியுங்கள். அது ஏதோ ஒரு தேவைக்காகத்தான் எழுதப்பட்டிருக்கும். புதிய பேட்ச் அந்தத் தேவையை மறுபடி உடைக்கிறதா என்பது பல நேரம் பத்து நிமிடத்தில் தெரிந்துவிடும். செய்தியே தெளிவாக இல்லையென்றால் அதையே உங்கள் முதல் கருத்தாக எழுதலாம். புதியவர்கள் இதற்குத் தயங்குகிறார்கள், தயங்க வேண்டாம்.

2. சூழலைத் தயார் செய்யுங்கள்

இரண்டு மெய்நிகர் இயந்திரங்கள் வேண்டும், ஒன்று சர்வர், ஒன்று க்ளையன்ட். ஒரே இயந்திரத்தில் சர்வரை ஓட்டி அங்கேயே மவுன்ட் செய்து (பகிர்ந்த டைரக்டரியை இணைத்து) பார்ப்பது சுலபமாகத் தோன்றும். ஆனால் நினைவகம் நெருக்கடியாகும்போது இரண்டும் ஒன்றுக்கொன்று காத்து நின்றுவிடலாம். பேட்சில் தவறு இருக்கிறதா, அமைப்பில் தவறு இருக்கிறதா என்று அப்புறம் பிரித்தறிய முடியாது.

கர்னல் மூலக்கோட்டின் முழு வரலாறு பல கிகாபைட் வரும். வரலாறு இல்லாமல் இறக்கி இடத்தை மிச்சப்படுத்தலாம் என்று நினைக்காதீர்கள், பழைய கமிட்களைப் படிப்பதுதான் இந்த வேலையில் பாதி. முதல் பில்டுக்கு அரை நாள் ஒதுக்குங்கள். பேட்சைப் போடுவதற்கு முன்பே அசல் கோடை ஒருமுறை பில்ட் செய்து, சோதனைகளை ஓட்டி, முடிவைக் குறித்து வையுங்கள். ஏற்கனவே தோற்றுக்கொண்டிருந்த சோதனையை பேட்சின் மேல் சுமத்துவதிலிருந்து இந்தக் குறிப்புதான் காப்பாற்றும்.

3. டிஃப்பை மூடிவிட்டு ஃபங்ஷனைத் திறங்கள்

டிஃப் பொதுவாக மாற்றத்தின் மேலும் கீழும் மூன்று வரிகளைத்தான் காட்டும். ஆகவே பேட்சைப் போட்டுவிட்டு, மாறிய ஒவ்வொரு ஃபங்ஷனையும் முதல் வரியிலிருந்து கடைசி வரிவரை எடிட்டரில் படியுங்கள். பிறகு அதைக் கூப்பிடும் இடங்களைத் தேடுங்கள். ஃபங்ஷன் திருப்பும் மதிப்பின் பொருள் மாறியிருந்தால் கூப்பிடும் இடம் ஒவ்வொன்றும் பேட்சின் பகுதிதான், ஆசிரியர் அதைத் தொடாவிட்டாலும்.

தொடராக வரும் பேட்ச்கள் என்றால் ஒவ்வொன்றையும் தனியே பில்ட் செய்து பாருங்கள். நடுவில் ஒன்று கம்பைல் ஆகாவிட்டால் பின்னாளில் பைசெக்ட் செய்து (கமிட்களைப் பாதி பாதியாகப் பிரித்து) பிழை தேடுகிறவர் அந்த இடத்தில் மாட்டிக்கொள்வார்.

4. ஒவ்வொரு ஹேண்டிலின் ஆயுளையும் எழுதிப் பாருங்கள்

நான் வழுக்கிய இடம் இதுதான், அதனால் கொஞ்சம் நிதானமாகவே சொல்கிறேன். ஹேண்டில் என்று இங்கே சொல்வது, ஃபங்ஷன் பெற்றுக்கொண்டு பிறகு திருப்பித் தர வேண்டிய எதையும்.

ஒரு தாளை எடுத்து இரண்டு பத்தியாகப் பிரியுங்கள். இடப்பக்கம் ஃபங்ஷன் பெற்றுக்கொள்ளும் ஒவ்வொன்றும்: திறந்த டிஸ்கிரிப்டர், ஏற்றிய ரெஃபரன்ஸ் கவுண்ட் (ஒன்றை எத்தனை இடங்கள் பயன்படுத்துகின்றன என்ற எண்ணிக்கை), பிடித்த லாக் (பூட்டு), ஒதுக்கிய நினைவகம், தற்காலிகமாக மாற்றிய பயனர் அடையாளம். வலப்பக்கம் அதைத் திருப்பித் தரும் வரி. அடுத்து ஃபங்ஷனிலிருந்து வெளியேறும் வழிகளை எண்ணுங்கள். ஒவ்வொரு வழியிலும் அதுவரை பெற்ற அத்தனையும் திருப்பித் தரப்படுகிறதா? சி கோடில் பிழை வந்தால் கீழே உள்ள ஒரு லேபிளுக்குத் தாவுவது வழக்கம். புதிதாக ஒரு வளத்தை நடுவில் பெறும் பேட்ச், அந்த லேபிளில் விடுவிக்கும் வரியையும் சேர்த்திருக்கிறதா என்று பாருங்கள். ஏற்கனவே இருந்த தாவல்கள் புதிய வளத்தைப் பெறுவதற்கு முன்பே நடந்தால், பெறாததை விடுவிக்கப் போகிறதா என்றும் பாருங்கள்.

பயனர் அடையாளத்தை இந்தப் பட்டியலில் மறந்துவிடாதீர்கள். சர்வர் பெரும்பாலும் ரூட்டாக (எல்லா அனுமதியும் உள்ள பயனராக) ஓடும், கோரிக்கை அனுப்பியவரின் அடையாளத்தைத் தற்காலிகமாக ஏற்றுக்கொண்டு கோப்பைத் தொடும். பிழைவழியில் அடையாளம் திரும்ப மாறாமல் போனால் அடுத்த கோரிக்கை வேறொருவர் பெயரில் ஓடும். அடையாளம் மாறுவதற்கு முன்னால் கோப்பைத் திறக்கும்படி பேட்ச் வரிசையை மாற்றியிருந்தால் அனுமதிச் சோதனையே ரூட்டாக நடந்துவிடும். அது எல்லாவற்றையும் அனுமதித்துவிடும், எந்தச் சோதனையும் தோற்காது.

அடுத்தது, விடுவித்த பிறகும் தொடுவது. ஒரு கோரிக்கை கோப்பை மூடிக்கொண்டிருக்கும்போது இன்னொரு த்ரெட்டில் அதே கோப்பில் படிப்பு நடக்கலாம். இணைப்பே துண்டிக்கப்படலாம். லினக்ஸ் கர்னலுக்குள் ஓடும் எஸ்எம்பி சர்வரான கேஎஸ்எம்பிடி 2021-இல் 5.15 பதிப்பில் சேர்ந்தது. பகிர்விலிருந்து (சர்வர் பகிரும் டைரக்டரியிலிருந்து) க்ளையன்ட் விலகும் கோரிக்கையைக் கையாளும் இடத்தில் இப்படியொரு தவறு அதில் இருந்தது, பாதுகாப்புக் குறைகளின் பொதுப் பட்டியலில் சிவிஇ-2022-47939 என்று பதிவாகியிருக்கிறது. ஆகவே ஒவ்வொரு பாயின்டருக்கும் கேளுங்கள்: இதை நான் பிடித்திருக்கும்வரை உயிரோடு வைத்திருப்பது எது? ‘ஏதோ ஒரு லாக் இருக்கும்’ என்பது பதில் ஆகாது. எந்த லாக், எந்த வரியில் பிடிக்கப்பட்டது என்று சொல்ல முடிய வேண்டும்.

இன்னொரு பொறி க்ளோஸ் அழைப்பில் இருக்கிறது. லினக்ஸில் க்ளோஸ் ‘சிக்னலால் தடைபட்டது’ என்று பிழை சொன்னாலும் டிஸ்கிரிப்டர் எண் விடுவிக்கப்பட்டிருக்கும். பிழை வந்ததே என்று பேட்ச் மறுபடி க்ளோஸ் செய்தால், அதற்குள் வேறு த்ரெட் அதே எண்ணில் திறந்த வேறொரு கோப்பு மூடப்படலாம். பார்க்கப் பொறுப்பான கோட் மாதிரியே இருக்கும், அதனால்தான் இதைத் தனியாகச் சொல்கிறேன்.

என்எஃப்எஸ் ஹேண்டில் வேறு வகை. அது க்ளையன்டின் கையில் இருக்கும் ஒரு பைட் வரிசை, சர்வர் மறுதொடக்கம் ஆனாலும் செல்லுபடியாக வேண்டும். மூன்றாம் பதிப்பில் அதிகபட்சம் 64 பைட், நான்காம் பதிப்பில் 128. அதற்குள் சர்வர் பொதுவாகக் கோப்பு முறைமையின் அடையாளம், ஐனோடு எண் (கோப்பு முறைமைக்குள் அந்தக் கோப்பின் எண்), தலைமுறை எண் ஆகியவற்றை வைக்கும். தலைமுறை எண் ஏன்? கோப்பு அழிந்ததும் அதன் ஐனோடு எண் வேறு கோப்புக்குப் போய்ச் சேரலாம். தலைமுறை எண்ணைச் சரிபார்க்காவிட்டால் பழைய ஹேண்டில் வைத்திருப்பவர் இன்னொருவருடைய புதிய கோப்பைப் படிப்பார். அந்த நிலையில் சர்வர் ‘ஈஸ்டேல்’ (ஹேண்டில் காலாவதி) பிழையைத்தான் தர வேண்டும். ஹேண்டிலைப் பிரிக்கும் கோடை பேட்ச் தொட்டால், க்ளையன்ட் சொல்லும் நீளத்தைச் சரிபார்த்த பிறகே பைட்கள் நகலாகின்றனவா என்று பாருங்கள். ஹேண்டிலின் வடிவம் மாறுகிறதென்றால் ஏற்கனவே மவுன்ட் செய்திருப்பவர்களின் ஹேண்டில்கள் என்னவாகும் என்று ஆசிரியரிடம் நேராகக் கேளுங்கள்.

5. பெயரை இரண்டு முறை நம்பியிருக்கிறதா?

கோப்பின் பெயரை ஒருமுறை சரிபார்த்துவிட்டு, அதே பெயரால் மறுபடி கோப்பைத் திறக்கும் கோட் எங்கே இருந்தாலும் நில்லுங்கள். இரண்டுக்கும் நடுவில் வேறொரு க்ளையன்ட் அந்தப் பெயரின் இடத்தில் ஒரு சிம்லிங்க்கை (வேறு பாதையைக் காட்டும் இணைப்பை) வைத்துவிட முடியும். சரிபார்த்தது பகிர்வுக்குள் இருக்கும் கோப்பு, திறந்தது வெளியே இருக்கும் கோப்பு என்றாகிவிடும். சாம்பாவில் சிவிஇ-2017-2619 இப்படிப்பட்ட ரேஸ்தான், அதாவது இரண்டு செயல்களில் எது முந்துகிறது என்பதைப் பொறுத்து வரும் தவறு. சிவிஇ-2021-20316-உம் அதே குடும்பம். அதைச் சரிசெய்ய சாம்பாவில் கோப்பு முறைமையோடு பேசும் விஎஃப்எஸ் அடுக்கைப் பாதைப் பெயரிலிருந்து ஹேண்டிலுக்குப் பெரிய அளவில் மாற்றி எழுத வேண்டியிருந்தது. அந்த வேலையோடு வந்தது 4.15 பதிப்பு.

ஆகவே நீங்கள் தேட வேண்டிய வடிவம் இது: டைரக்டரியை ஒருமுறை திற, அதன் டிஸ்கிரிப்டரைப் பிடித்துக்கொள், மீதி எல்லாவற்றையும் அதை வைத்தே செய். ஓப்பன்ஏட், ரீநேம்ஏட், அன்லிங்க்ஏட் என்று ‘ஏட்’ சேர்ந்த அழைப்புகள் இதற்காகத்தான் இருக்கின்றன. பேட்சில் முழுப் பாதையை எடுத்துக்கொள்ளும் ஸ்டாட், சிமோட், ரீநேம் போன்ற புதிய அழைப்பு ஒன்று தென்பட்டால் காரணம் கேளுங்கள்.

‘ஓ-நோஃபாலோ கொடுத்திருக்கிறேனே’ என்று பதில் வரும். சிம்லிங்க்கைப் பின்தொடராதே என்று சொல்லும் அந்தக் கொடி பாதையின் கடைசிப் பெயரை மட்டுமே காக்கும். நடுவில் உள்ள டைரக்டரிகளில் ஒன்று சிம்லிங்க்காக இருந்தால் அதைத் தாராளமாகப் பின்தொடரும். இது தெரியாமல் ஒப்புதல் கொடுப்பவர்கள் நிறையப் பேர். முழுப் பாதையையும் கட்டுப்படுத்த லினக்ஸ் 5.6-இல், 2020-ஆம் ஆண்டு, ஓப்பன்ஏட்2 வந்தது. சிம்லிங்க் எதையுமே பின்தொடராதே என்றோ, இந்த டைரக்டரிக்கு வெளியே போகாதே என்றோ அதில் சொல்லலாம். சர்வர் லினக்ஸ் அல்லாத இடங்களிலும், பழைய கர்னலிலும் ஓடுமென்றால் அங்கே என்ன நடக்கும் என்ற மாற்றுவழியும் பேட்சில் இருக்க வேண்டும்.

6. எழுதியது உண்மையிலேயே டிஸ்கில் இருக்கிறதா?

பயனரின் தரவு தொலையும் இடம் இது. இங்கே அவசரமே கூடாது.

என்எஃப்எஸ் மூன்றாம் பதிப்பில் க்ளையன்ட் ‘நிலையாக வேண்டாம், இப்போதைக்கு வாங்கிக்கொள்’ என்று தரவை அனுப்பலாம். சர்வர் வாங்கிக்கொண்டு 8 பைட் சரிபார்ப்பு எண் ஒன்றைத் திருப்பித் தரும். பிறகு க்ளையன்ட் கமிட் கோரிக்கை (கிட்டின் கமிட் அல்ல, தரவை டிஸ்கில் நிலைப்படுத்தச் சொல்வது) அனுப்பும், அதற்கான பதிலிலும் அதே எண் வர வேண்டும். எண் மாறியிருந்தால் சர்வர் நடுவில் விழுந்து எழுந்திருக்கிறது என்று புரிந்துகொண்டு க்ளையன்ட் தரவை மறுபடி அனுப்பும். இந்த ஒப்பந்தத்தில் சர்வர் செய்யவே கூடாதது ஒன்றுதான்: தரவு தொலைந்த பிறகும் பழைய எண்ணையே சொல்வது. லினக்ஸின் என்எஃப்எஸ் சர்வர், மறுதொடக்கம் ஆகாவிட்டாலும், டிஸ்கில் எழுதுவதில் பிழை வந்தால் இந்த எண்ணை மாற்றிவிடுவது இதனால்தான். பேட்ச் எழுத்துப் பிழையைக் கையாளும் வழியைத் தொட்டால் எண் மாறுகிறதா என்று தேடுங்கள்.

எஃப்சிங்க் (தரவை டிஸ்குக்குத் தள்ளும் அழைப்பு) தோற்றால் ‘இன்னொரு முறை முயலலாம்’ என்று எழுதும் பேட்சை ஏற்காதீர்கள். லினக்ஸில் எழுத முடியாமல் போன பக்கங்கள் சுத்தமானவை என்று குறிக்கப்பட்டுவிடலாம், இரண்டாவது எஃப்சிங்க் வெற்றி என்று சொல்லும், தரவு டிஸ்கில் இருக்காது. 4.13 கர்னலிலிருந்து, பிழை நடந்தபோது திறந்திருந்த ஒவ்வொரு டிஸ்கிரிப்டருக்கும் அது ஒருமுறை சொல்லப்படுகிறது. ஆனால் அந்தப் பிழை ஏற்கனவே ஒருவரிடம் சொல்லப்பட்டுவிட்டால், பிறகு புதிதாகத் திறப்பவருக்கு அது தெரியாது. என்எஃப்எஸ் மூன்றாம் பதிப்பில் கோப்பைத் திற, மூடு என்ற கோரிக்கைகளே கிடையாது. சர்வர் ஒவ்வொரு கோரிக்கைக்கும் கோப்பைத் திறந்து மூடினால் எழுதிய டிஸ்கிரிப்டர் ஒன்று, எஃப்சிங்க் செய்யும் டிஸ்கிரிப்டர் வேறொன்று. 2019-இல் வந்த 5.4 முதல் லினக்ஸின் என்எஃப்எஸ் சர்வர் கோப்புகளைச் சிறிது நேரம் திறந்தே வைத்திருக்கிறது. அந்தக் கேஷைத் தொடும் பேட்ச் என்றால் எதிர்ப்பக்கத்தையும் பாருங்கள்: யாராவது கோப்பை அழித்துவிட்டால் கேஷ் அதை விட்டுவிடுகிறதா? விடாவிட்டால் டிஸ்கில் இடம் திரும்பாது.

பெயர் மாற்றம், உருவாக்கம், அழிப்பு ஆகியவற்றுக்கு ‘வெற்றி’ என்று பதில் போவதற்கு முன்பே அவை நிலையான சேமிப்பில் இருக்க வேண்டும் என்பது என்எஃப்எஸ் விதி. கோப்பை மட்டும் எஃப்சிங்க் செய்வது போதாது, டைரக்டரியையும் செய்ய வேண்டும். இதைச் சோதிக்கும்போது பகிர்வு ‘அசிங்க்’ விருப்பத்தோடு ஏற்றுமதி ஆகியிருக்கிறதா என்று பாருங்கள். அந்த விருப்பத்தில் சர்வர் டிஸ்குக்குக் காத்திருக்காமலே பதில் சொல்லும், உங்கள் சோதனையால் எதையும் நிரூபிக்க முடியாது. சாம்பாவில் இதற்கு நிகரானது ‘ஸ்ட்ரிக்ட் சிங்க்’. 4.7 பதிப்பிலிருந்து இயல்பாகவே இயங்குகிறது, ஆனால் பழைய அமைவுக் கோப்பை நகலெடுத்து வந்தவர்களிடம் அணைந்திருக்கக்கூடும்.

கேட்டதைவிடக் குறைவாக எழுதப்படும் நிலையையும் பாருங்கள். பி-ரைட் (கோப்பில் குறிப்பிட்ட இடத்தில் எழுதும் அழைப்பு) 4096 பைட் கேட்டால் 1000 எழுதிவிட்டுத் திரும்பலாம். பதிலில் க்ளையன்டுக்குப் போகும் எண்ணிக்கை எது? கேட்டதா, எழுதியதா?

7. லாக்குகளும் பகிர்வு முறைகளும்

பாசிக்ஸ் லாக்குகளில் (யூனிக்ஸ் வகை அமைப்புகளின் பொதுத் தரம் சொல்லும் கோப்பு லாக்குகளில்) ஒரு பழைய கொடுமை உண்டு. ஒரு பிராசஸ் ஒரே கோப்பை இரண்டு டிஸ்கிரிப்டரில் திறந்து வைத்திருந்து அவற்றில் எதை மூடினாலும், அந்தக் கோப்பின் மேல் அந்தப் பிராசஸ் வைத்திருந்த எல்லா லாக்குகளும் போய்விடும். ஒரே பிராசஸ் ஒரு க்ளையன்டின் பல திறப்புகளைக் கையாளும் சர்வரில் இது நேரடி ஆபத்து. சாம்பா இதற்காகவே லாக் நிலுவையில் இருக்கும்போது டிஸ்கிரிப்டரை மூடுவதைத் தள்ளிப்போடுகிறது. 2014-இல் லினக்ஸ் 3.15-இல் வந்த ஓஎஃப்டி லாக்குகளில் (பிராசஸுக்கு அல்ல, திறப்புக்குச் சேர்ந்தவை) இந்தச் சிக்கல் இல்லை. ‘இந்தத் தள்ளிப்போடுதல் தேவையில்லாதது போலிருக்கிறது, எடுத்துவிட்டேன்’ என்று பேட்ச் சொன்னால் எந்த வகை லாக் என்று முதலில் கேளுங்கள்.

எஸ்எம்பியில் கோப்பைத் திறப்பவர், மற்றவர் படிக்கலாமா, எழுதலாமா, அழிக்கலாமா என்றும் சேர்த்துச் சொல்கிறார். முரண்பாடு இருக்கிறதா என்று பார்ப்பதும், திறந்ததைப் பதிவு செய்வதும் ஒரே லாக்குக்குள் நடக்க வேண்டும். பேட்ச் வேகத்துக்காக லாக்கைச் சுருக்கியிருந்தால் இந்த இரண்டும் இன்னும் ஒரே கூரைக்குள் இருக்கின்றனவா என்று பாருங்கள். கோப்பை மூடும்போது அழி என்ற குறியும் அப்படித்தான்: கடைசியாக மூடுபவர் யார் என்று முடிவு செய்யும் நொடியில் புதிதாக ஒருவர் திறந்தால் என்ன ஆகும்?

8. க்ளையன்ட் அனுப்பும் எண்கள்

இது சின்னப் படி. க்ளையன்டிடமிருந்து வரும் ஆஃப்செட் என்எஃப்எஸ்-இல் குறியில்லா 64 பிட் எண், கர்னலுக்குள் அது குறியுள்ள 64 பிட் எண்ணாக மாறுகிறது. பெரிய எண் எதிர்மறையாகிவிடும். ஆஃப்செட்டோடு நீளத்தைக் கூட்டும் இடத்தில் எண் சுற்றி வரலாம். கூட்டுவதற்கு முன்னால் சோதனை இருக்க வேண்டும். கமிட் கோரிக்கையில் நீளம் 0 என்றால் ‘கோப்பின் முடிவுவரை’ என்று பொருள், ‘ஒன்றுமில்லை’ என்று எடுத்துக்கொள்ளும் பேட்ச் தரவை டிஸ்குக்கு அனுப்பாமலே வெற்றி என்று சொல்லிவிடும்.

9. ஓட்டிப் பாருங்கள்

சாம்பாவுக்கு எஸ்எம்பிடார்ச்சர், என்எஃப்எஸ் நான்காம் பதிப்புக்கு பைஎன்எஃப்எஸ், கோப்பு முறைமை நடத்தைக்கு எக்ஸ்எஃப்எஸ்டெஸ்ட்ஸ் என்று சோதனைத் தொகுப்புகள் இருக்கின்றன. பேட்ச் தொடும் பகுதிக்கான சோதனைகளை முதலில் ஓட்டுங்கள், முழுத் தொகுப்பை இரவில் விட்டுவிடலாம். கர்னல் என்றால் காசான் (நினைவகத் தவறுகளைப் பிடிப்பது), லாக்டெப் (லாக் வரிசைத் தவறுகளைப் பிடிப்பது) இரண்டையும் இயக்கி பில்ட் செய்யுங்கள். வேகம் குறையும், ஆனால் நாலாம் படியில் கண்ணுக்குத் தப்பியதை அவை பிடிக்கும்.

இந்தத் தொகுப்புகள் பெரும்பாலும் நல்ல வழியைத்தான் நடக்கும். பிழைவழிகளை நீங்களே வரவழைக்க வேண்டும். சின்ன கோப்பு முறைமை ஒன்றை உருவாக்கி நிரப்புங்கள். தனிப் பிராசஸாக ஓடும் சர்வர் என்றால் டிஸ்கிரிப்டர் வரம்பை மிகக் குறைவாக வைத்து ஓட்டுங்கள். அனுமதி இல்லாத கோப்பை ஆயிரம் முறை திறக்க முயன்றுவிட்டு, சர்வரின் திறந்த கோப்புகள் முன்பிருந்த எண்ணிக்கைக்கே திரும்புகின்றனவா என்று பாருங்கள். இந்தக் கடைசிச் சோதனைக்கு ஐந்து நிமிடம் ஆகும். அன்று நான் இதைச் செய்திருந்தால் அந்த சர்வர்கள் நின்றிருக்காது. டிஸ்க் பிழைக்கு லினக்ஸின் டிஎம்-ஃபிளேக்கி இருக்கிறது: குறிப்பிட்ட நொடிகள் ஒழுங்காக வேலை செய்துவிட்டுப் பிறகு பிழை தரும்படி அமைக்கலாம்.

10. கருத்து எழுதுவது, பெயர் கொடுப்பது, கால அளவு

ஒவ்வொரு கருத்திலும் அது எந்த வகை என்று சொல்லிவிடுங்கள்: திருத்தியே ஆக வேண்டியது, எனக்குப் புரியாதது, வெறும் விருப்பம். பிரித்துச் சொல்லாவிட்டால் ஆசிரியர் மாறிப் பெயரைத் திருத்திவிட்டு ரேஸை விட்டுவிடுவார். ‘இங்கே ரேஸ் இருக்கலாம்’ என்று மட்டும் எழுதாதீர்கள். முதல் க்ளையன்ட் இந்த வரியில் நிற்கும்போது இரண்டாவது க்ளையன்ட் இந்தக் கோரிக்கையை அனுப்பினால் இந்த பாயின்டர் விடுவிக்கப்பட்டிருக்கும் என்று வரிசையாக எழுதுங்கள். எழுதிக்கொண்டிருக்கும்போதே அப்படி நடக்க முடியாது என்று சில நேரம் உங்களுக்கே தெரிந்துவிடும், அனுப்பாமல் விட்டுவிடலாம். பேட்ச் பாதுகாப்புக் குறை எதையாவது வெளிப்படுத்துகிறது என்று பட்டால் பொதுவில் எழுதாதீர்கள், திட்டத்தின் பாதுகாப்புக் குழுவுக்குத் தனியே தெரிவியுங்கள்.

நூறு வரி பேட்சுக்கு முதல் தடவை ஒரு முழு நாள் ஒதுக்குங்கள், அமைப்பு வேலை தனி. பழகியபின் எனக்கு இரண்டு மூன்று மணி நேரம் ஆகிறது. ஒரே மூச்சில் ஒரு மணி நேரத்துக்கு மேல் படித்தால் கண் ஓடும், மனம் ஓடாது. நாலாம், ஆறாம் படிகளை வேறு வேறு நாளில் செய்வது என் வழக்கம். உடனே முடிக்க முடியாவிட்டால் ‘பார்த்துக்கொண்டிருக்கிறேன், இத்தனாம் தேதிக்குள் சொல்கிறேன்’ என்று ஒரு வரி அனுப்பிவிடுங்கள். கர்னல் ஒன்பது பத்து வாரத்துக்கு ஒருமுறை வெளியாகும், அதில் முதல் இரண்டு வாரம் புதிய மாற்றங்களைச் சேர்க்கும் காலம். அந்த இரண்டு வாரத்தில் பராமரிப்பாளர்களிடம் புதிய வசதிகள் பற்றி நீண்ட பதில் எதிர்பார்க்காதீர்கள். அதற்கு முன்பே உங்கள் கருத்து போய்ச் சேர வேண்டும். சாம்பாவில் ஒரு மாற்றம் உள்ளே போக இரண்டு குழு உறுப்பினர்களின் ஒப்புதல் தேவை. புதியவரின் ரிவ்யூ அந்தக் கணக்கில் சேராது, ஆனால் நீங்கள் கண்ட பிழையை அவர்கள் எடுத்துக்கொள்வார்கள்.

கமிட் செய்தியில் ‘ரிவ்யூட்-பை’ (படித்துச் சரிபார்த்தவர்) என்று பெயர் கொடுப்பதும் ‘டெஸ்டட்-பை’ (ஓட்டிப் பார்த்தவர்) என்று கொடுப்பதும் வேறு வேறு. ஓட்டிப் பார்த்தீர்கள், ஆனால் லாக் வரிசை புரியவில்லை என்றால் இரண்டாவதை மட்டும் கொடுங்கள். லாக் பகுதி உங்களுக்குப் புரியவில்லை, மீதியைப் பார்த்தீர்கள் என்றால் அதையே எழுதுங்கள், அந்தப் பகுதியை யார் பார்க்க வேண்டும் என்று பராமரிப்பாளருக்கு அது காட்டிக்கொடுக்கும்.

பேட்சின் இரண்டாம் பதிப்பு வந்தால் முழுவதையும் மறுபடி படிக்க வேண்டாம். கிட்டின் ரேஞ்ச்-டிஃப் கட்டளையால் இரண்டு பதிப்புக்கும் உள்ள வித்தியாசத்தை எடுத்து, உங்கள் பழைய தாளில் எந்த வரி மாறியது என்று குறியுங்கள். முதல் பதிப்புக்கு நீங்கள் கொடுத்த பெயரை ஆசிரியர் இரண்டாம் பதிப்பிலும் அப்படியே எடுத்து வந்திருப்பார். நீங்கள் பார்த்த ஃபங்ஷன் அதற்குள் கணிசமாக மாறியிருந்தால், மறுபடி பார்த்து முடிக்கும்வரை உங்கள் பெயரை எடுத்துவிடும்படி அன்றே எழுதிவிடுங்கள்.